பெர்ஜராக் அருகே கிராமத்து வீடு: கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

யார்க்ஷியர் மருமகள்:
வணக்கம். நானும் கணவரும் லீட்ஸில் இருக்கிறோம், இருவரும் பிரிட்டன் குடிமக்கள். அவர் யார்க்ஷியரில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 67. ஆசிரியர் ஓய்வூதியத்தோடு அரசு ஓய்வூதியமும் வருகிறது. எனக்கு 61. பிரான்ஸின் தோர்தோஞ் மாவட்டத்தில், பெர்ஜராக்குக்குத் தெற்கே ஒரு குக்கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்றைப் பார்த்து வந்தோம். பெரிய களஞ்சியம், வால்நட் மரங்கள், அரை ஹெக்டேர் நிலம். விலை எங்கள் லீட்ஸ் வீட்டின் பாதிதான். கணவர் இந்த இலையுதிர் காலத்திலேயே முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் துடிக்கிறார்.

இடம் அழகானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜூன் மாத வெயிலில் பார்த்த வீட்டில் ஜனவரியில் எப்படி வாழ்வது என்றுதான் கேட்கிறேன். ரொட்டிக்கடைக்கே 9 கிலோமீட்டர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிரெஞ்சு கொஞ்சம்தான் வரும். கணவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அங்கே வாழ்கிறவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தோர்தோஞ் வாசி:
சகோதரி, வீட்டுக்கூரையைச் சோதிப்பதற்கு முன் மருத்துவரைத் தேடுங்கள். கிராமப்புற பிரான்ஸில் இன்று மிகப் பெரிய தட்டுப்பாடு அதுதான். இங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரைத் தம் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பதிந்தவரிடம் போனால் அரசுக் காப்பீடு கட்டணத்தில் 70 விழுக்காட்டைத் திருப்பித் தரும்; பதியாமல் போனால் 30 விழுக்காடுதான். 2024 டிசம்பரிலிருந்து சாதாரண ஆலோசனைக் கட்டணம் 30 யூரோ. ஆகவே பணம் பெரிய சிக்கல் இல்லை. ஓய்வுபெற்ற மருத்துவரின் இடத்துக்கு யாரும் வராத ஊர்கள் ஏராளம் என்பதும், இருக்கிறவர்கள் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்பதும்தான் சிக்கல். வீட்டைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா மருத்துவ நிலையங்களுக்கும் போன் செய்து, சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள். ஊர் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஊர் செவிலியர்கள் வீட்டுக்கே வருவார்கள். இரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, அறுவைக்குப் பின் கட்டு மாற்றுவது எல்லாம் மருத்துவர் சீட்டின் பேரில் உங்கள் சமையலறை மேசையிலேயே நடந்துவிடும். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து வியக்காமல் இருப்பதில்லை.

உங்கள் கணவர் பிரிட்டன் அரசு ஓய்வூதியம் பெறுவதால் எஸ்1 என்ற படிவத்துக்கு உரியவர். பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இது தொடர்கிறது. அவருடைய சிகிச்சைச் செலவை பிரிட்டன் ஏற்கும், பிரான்ஸ் தன் காப்பீட்டில் அவரைச் சேர்த்துக்கொள்ளும். அவரைச் சார்ந்தவராக உங்களையும் அதன் கீழ் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸின் வணிகச் சேவை ஆணையம். புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விசாவை மறந்துவிட வேண்டாம். 2020 டிசம்பர் 31க்குள் இங்கே குடியிருந்தவர்களுக்கு விலகல் ஒப்பந்தத்தின்படி வசிப்பு அட்டை கிடைத்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது வருகிறவர்கள் நீண்டகால 'விசித்தர்' (வருகையாளர்) விசா எடுத்து, வந்து மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். வேலை செய்ய மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும், போதிய வருமானத்தையும் காட்ட வேண்டும். வீடு வாங்கியதாலேயே தங்கும் உரிமை வந்துவிடாது.

க்ரூஸ் விறகு:
மருத்துவரைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபது செண்டிமீட்டர் கனக் கல்சுவர் கோடையில் சொர்க்கம். குளிர்காலத்தில் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் சூடேற நாள்கணக்கில் ஆகும். முதலில் கூரைக்குக் கீழே வெப்பக்காப்பு இருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். பிறகுதான் அடுப்பு, வெப்பப் பம்பு பேச்செல்லாம்.

விறகு 'ஸ்தேர்' கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு மீட்டர் நீளக் கட்டைகளாக அடுக்கினால் ஒரு ஸ்தேர் என்பது ஒரு கன மீட்டர். அதே விறகை 50 செண்டிமீட்டராக அறுத்து அடுக்கினால் இடைவெளி குறைந்து 0.8 கன மீட்டராகிவிடும். 33 செண்டிமீட்டராக அறுத்தால் ஏறத்தாழ 0.7. இது தெரியாமல் விறகுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் பிரிட்டன்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், விறகுக்காரர் மீது குற்றமே இல்லை. ஓக், ஹார்ன்பீம் இரண்டும் நல்லவை. இரண்டு ஆண்டு உலர்ந்ததா என்று கேளுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் காட்டினால் அந்த ஆண்டு எரிக்காதீர்கள். புகைபோக்கியைத் தொழில்முறை ஆளை வைத்துத் துப்புரவு செய்து சான்றிதழை வாங்கி வையுங்கள். தீ விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

விறகடுப்பு இருக்கும் வீட்டுக்கு மின்சாரத்தில் 'டெம்போ' கட்டணத் திட்டம் பொருந்தும். ஆண்டில் 300 நீல நாள்களில் மலிவு, 43 வெள்ளை நாள்கள் நடுத்தரம், 22 சிவப்பு நாள்களில் பகல் விலை கொள்ளை. சிவப்பு நாள்கள் நவம்பர் முதல் மார்ச் வரைக்குள் மட்டுமே வரும், முதல் நாளே அறிவித்துவிடுவார்கள். அன்று விறகை எரித்து, துணி துவைப்பதை இரவு பத்து மணிக்கு மேல் தள்ளிவிட்டால் போதும்.

வேலையாள் விஷயம். நம்மோடு ஆங்கிலம் பேசுகிறார், சந்தையில் பழகியவர் என்பதற்காகப் பதிவில்லாத பிரிட்டன் கொத்தனாரிடம் கூரையைக் கொடுக்காதீர்கள். யாராக இருந்தாலும் தொழில் பதிவு எண்ணான சிரெத் எண்ணையும் பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றையும் வேலை தொடங்கும் முன் கேளுங்கள். நல்ல தொழிலாளி தானே எடுத்துக் காட்டுவார்.

யார்க்ஷியர் மருமகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா, கழிவுத் தொட்டி பற்றி ஒன்று. விற்பவர் தந்த ஆய்வறிக்கையில் தொட்டி விதிமுறைப்படி அமையவில்லை என்று போட்டிருக்கிறது. கிராமத்தில் பாதி வீடுகள் அப்படித்தான், கவலை வேண்டாம் என்கிறார் தரகர்.

க்ரூஸ் விறகு:
பாதி வீடுகள் அப்படி என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை விற்பனைக்கு வரவில்லையே. விற்பனை என்று வந்தால் மூன்று ஆண்டுக்குள் எடுத்த அறிக்கையை விற்பவர் இணைக்க வேண்டும். குறையிருந்தால் பத்திரம் முடிந்து ஓராண்டுக்குள் சரிசெய்யும் கடமை வாங்குகிறவர் தலையில் விழும். புதிய அமைப்புக்குப் பத்தாயிரம் யூரோவை ஒட்டிச் செலவாவது சாதாரணம். களிமண் நிலமென்றால் இன்னும் ஏறும். வேலைக்கு விலைப்புள்ளி வாங்கி, அந்தத் தொகையை வீட்டு விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்க மறுத்தால் இன்னொரு வீட்டைப் பாருங்கள்.

தென்மேற்குக் காற்று:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். பெர்ஜராக்குக்குத் தெற்கே என்றால் ஏமே பக்கம்தானே? அங்கே பிரிட்டன்காரர்கள் தலைமுறையாக வாழ்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அழகான கோட்டை நகரம், வியாழக்கிழமைச் சந்தை, கிரிக்கெட் கிளப் கூட இருக்கிறது. பெர்ஜராக் விமான நிலையத்திலிருந்து இங்கிலாந்துக்கு விமானம் உண்டு. ஆங்கிலம் பேசும் மின்பணியாளர், ஆங்கிலம் பேசும் கால்நடை மருத்துவர், உதவிக்கு வரும் அண்டை வீட்டார் எல்லாம் கிடைப்பார்கள். 61 வயதில் ஒருவர் புதிய மொழியில் இலக்கணத்தோடு போராடித்தான் தீர வேண்டுமா? மனிதருக்கு மனிதர் துணை. எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி.

பிரிட்டனி மழை:
இதை ஏற்க முடியவில்லை, மன்னிக்கவும். நானும் ரோஸ்கோஃப் துறைமுகத்தில் இறங்கிய பிரிட்டன்காரிதான். ஆங்கிலம் பேசும் வட்டம் கோடையில் பெரிதாகவும் குளிர்காலத்தில் சின்னதாகவும் இருக்கும். வயதாக ஆகப் பலர் பேரப்பிள்ளைகளைத் தேடி இங்கிலாந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது யார்? எதிர்வீட்டு பிரெஞ்சுப் பாட்டி, ஊராட்சி மன்றச் செயலாளர், தன்னார்வத் தீயணைப்பு வீரர். இந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் ஐந்தில் நான்கு பேர் தன்னார்வலர்கள். இரவில் நெஞ்சுவலி என்று அவசர மருத்துவ எண் 15ஐ அழைத்தால், முதலில் உங்கள் வாசலில் நிற்பவர் உங்கள் தெரு மரத்தச்சராகவே இருக்கக்கூடும். அவரிடம் வலி எங்கே, எப்போதிலிருந்து, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டாமா?

அழகான பிரெஞ்சு தேவையில்லை. கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லத் தவறாதீர்கள்; வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். பகல் 12 முதல் 2 வரை எவரையும் தொந்தரவு செய்யாதீர்கள். ஊராட்சி மன்றத்துக்கு நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஊர்விழாக் குழுவில் மேசை தூக்கவோ வெங்காயம் நறுக்கவோ கேட்டால் சரியென்று சொல்லுங்கள். அங்கே கற்கும் மொழி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

பிரெக்ஸிட் நமக்குச் செய்த கேடுகளில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. 2020க்கு முன் பல நூறு பிரிட்டன்காரர்கள் பிரான்ஸ் கிராமங்களில் மன்ற உறுப்பினர்களாக இருந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலோடு நிற்கும் உரிமையும் வாக்குரிமையும் போய்விட்டன. குடியுரிமை எடுத்தால் திரும்ப வரும். 2026 முதல் அதற்குக் கேட்கும் மொழித்தரம் ஐரோப்பிய அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவதான பி2, எளிதல்ல.

தோர்தோஞ் வாசி:
இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போன ஓர் ஆங்கிலேயப் பெண்மணிக்கு, ஆங்கிலத்தில் பேசி அழ ஒரு குழு இருந்ததுதான் பலமாக இருந்தது. அவரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவர் பக்கத்துப் பண்ணை பிரெஞ்சுக்காரர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

காகித வேலைக்கு ஒரு தகவல்: சிறு நகரங்களில் 'பிரான்ஸ் சேர்வீஸ்' என்ற அரசு உதவி மையம் இருக்கும். வரி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் கணினி முன் உட்கார்ந்து இலவசமாக உதவுவார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
சகோதரி, உங்கள் முதல் பதிவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: கணவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். விறகையும் தொட்டியையும் விட அதுதான் பெரிய விஷயம். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

பிரான்ஸ் சட்டத்தில் பிள்ளைகளின் வாரிசுப் பங்கு கட்டாயமானது. எந்த ஏற்பாடும் இல்லாமல் கணவர் முன்னால் போய்விட்டால், முந்தைய மணத்துப் பிள்ளைகள் இருக்கும் நிலையில், அவருடைய சொத்தில் மனைவிக்கு நான்கில் ஒரு பங்குதான். மீதி பிள்ளைகளுக்கு. வீட்டில் ஆயுள் முழுவதும் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் அதை ஓராண்டுக்குள் கோர வேண்டும். மறுபக்கம், நீங்கள் முன்னால் போய் உங்கள் பங்கை அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தால், இரத்த உறவு இல்லை என்பதால் 60 விழுக்காடு வரி. கணவன் மனைவிக்கிடையே மட்டும் வாரிசு வரி கிடையாது.

2015 ஆகஸ்ட் 17 முதல் ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி, உயிலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுச் சட்டம், விலக்கப்பட்ட பிள்ளைகள் பிரான்ஸில் உள்ள சொத்திலிருந்து தம் பங்குக்கு ஈடு கேட்க வழி செய்துவிட்டது. ஆகவே இங்கிலாந்து உயில் இருக்கிறது, போதும் என்று இருந்துவிடாதீர்கள். முன் ஒப்பந்தத்துக்கு முன்பே பத்திரப் பதிவாளரான நோத்தேரிடம் இதைச் சொல்லி உட்காருங்கள். உயிரோடு இருப்பவருக்கு வீடு முழுவதையும் அனுபவிக்கும் உரிமை தரும் பரிசுப் பத்திரம், இருவரில் கடைசிவரை இருப்பவரே முழு உரிமையாளர் என்னும் 'தோன்தீன்' என்ற கூட்டுக்கொள்முதல் விதி என வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை அவர் சொல்ல வேண்டும். தோன்தீன் விதியை வாங்கும் பத்திரத்திலேயே சேர்த்தாக வேண்டும், பிறகு முடியாது. விற்பவரின் நோத்தேரோடு நிற்காமல், உங்களுக்கென ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கட்டணத்தை அவர்கள் இருவரும் பிரித்துக்கொள்வார்கள், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை. பழைய வீட்டுக்கு மொத்தப் பதிவுச் செலவு விலையில் 7 முதல் 8 விழுக்காடு. முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் வாங்குகிறவருக்குப் பின்வாங்க 10 நாள் அவகாசம் உண்டு.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி பிரிட்டனில்தான் வரி, அரசு ஓய்வூதியத்துக்குப் பிரான்ஸில். இரண்டையும் பிரெஞ்சுப் படிவத்தில் காட்ட வேண்டும். எஸ்1 உள்ளவர் ஓய்வூதியத்துக்குச் சமூகப் பங்களிப்பு கட்டத் தேவையில்லை. லீட்ஸ் வங்கிக் கணக்குகள் அத்தனையையும் ஆண்டுதோறும் 3916 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு கணக்குக்கும் 1,500 யூரோ அபராதம். பிரிட்டனில் வரியில்லாத சேமிப்புக் கணக்கான ஐசாவின் வரிவிலக்கு கடலைத் தாண்டாது.

ஆற்றங்கரை:
தங்கைக்கு, மேலே கணக்கர் ஐயா சொன்னதை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். நான் அதை வாழ்ந்தவள்.

என் கணவர் போனபோது நாங்கள் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் தனி வீட்டில் இருந்தோம். துக்கம் ஒரு பக்கம். மறுநாள் காலையிலிருந்தே வேறொன்று தொடங்கியது. மின்சாரம் அவர் பேரில், தண்ணீர் அவர் பேரில், தொலைபேசி அவர் பேரில், கார் பதிவுச் சான்று அவர் பேரில் மட்டும். அவர் தனிப் பெயரில் வைத்திருந்த வங்கிக் கணக்கு உடனே முடக்கப்பட்டது. இருவர் பேரிலும் இருந்த கூட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் இறுதிச் சடங்குச் செலவையும் அந்த மாத விறகையும் கொடுக்க முடிந்தது. ஆகவே முதல் நாளிலிருந்தே எல்லா ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் இருக்கட்டும். கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி இருவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். திருமணச் சான்றிதழை அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து முன்கூட்டியே பிரெஞ்சில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேடி ஓடும் தெம்பு இருக்காது.

எஸ்1 விஷயத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் அவருடைய படிவத்தின் கீழ் இருப்பவர். அவர் இல்லாவிட்டால் அந்த ஏற்பாடு அப்படியே தொடராது. பிரான்ஸில் வசிப்பவர் என்ற முறையில் தனியாகப் பதிய வேண்டும், அல்லது உங்கள் சொந்த அரசு ஓய்வூதியம் தொடங்கியதும் உங்கள் பேரில் எஸ்1 வாங்க வேண்டும். பிரிட்டனில் அரசு ஓய்வூதியத்துக்கு அடிப்படையான உங்கள் தேசியக் காப்பீட்டுக் கணக்கில் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். குறைந்திருந்தால் நீங்களே விரும்பிப் பணம் கட்டி நிரப்ப முடியுமா என்று கேளுங்கள். பிரான்ஸில் இருந்தாலும் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும்.

இனி கார். நானும் ஓட்டியதில்லை. அவர் போனபின் இரண்டு விஷயங்கள் என்னைக் காப்பாற்றின. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அரசுக் காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள டாக்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். செலவின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கும். மற்றது, 'வொய்த்யூர் சான் பெர்மி' என்ற சிறிய கார். 1988க்கு முன் பிறந்தவர்களுக்கு உரிமமே தேவையில்லை. 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது, நெடுஞ்சாலையில் ஏற்றக் கூடாது, காப்பீடு கட்டாயம். விலை மலிவல்ல. ஆனால் சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் யார் தயவும் இல்லாமல் போய்வருகிறேன்.

பிறகு மேட்டு வீட்டை விற்றுவிட்டுச் சிறு நகரத்துக்குள் வந்துவிட்டேன். விற்க நீண்ட காலம் ஆயிற்று. ஊருக்குள் உள்ள வீடு விரைவில் கைமாறும். 9 கிலோமீட்டர் தள்ளி, அரை ஹெக்டேர் புல் வெட்ட வேண்டிய வீட்டைத் தேடி வருகிறவர் குறைவு. பிரான்ஸை விட்டுப் போக நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. இந்த ஊர் என்னைத் தாங்கியது. ரொட்டிக்கடைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு வாங்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கடையும் அந்தத் தூரத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

தென்மேற்குக் காற்று:
அக்கா, உங்கள் பதிவுக்குப் பிறகு நான் வாதாட விரும்பவில்லை. நன்றி. மருமகள் அவர்களே, கணவரின் ஓட்டுநர் உரிமத்தையும் பாருங்கள். 2021 ஜனவரி 1க்கு முன் வழங்கப்பட்டது என்றால் காலாவதியாகும் வரை பிரான்ஸில் ஓட்டலாம். 70 வயதில் அது முடிந்துவிடும், பிரான்ஸில் வசிப்பவர் பிரிட்டனில் புதுப்பிக்க முடியாது. முடிய ஆறு மாதம் இருக்கும்போதே இணையத்தில் பிரெஞ்சு உரிமமாக மாற்ற விண்ணப்பிக்கலாம், தேர்வு கிடையாது. 2021 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ வழங்கப்பட்டது என்றால் குடியேறிய ஓராண்டுக்குள் மாற்றியாக வேண்டும்.

யார்க்ஷியர் மருமகள்:
அக்காவின் பதிவைக் கணவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தரகருக்கு, இந்த ஆண்டு கையெழுத்தில்லை என்று அவரே எழுதிவிட்டார். நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஏமே அல்லது பெர்ஜராக் ஊருக்குள் வாடகைக்கு இருந்து பார்க்கப்போகிறோம். மூன்று மாதம் விசா இல்லாமல் தங்கலாம்தானே? சமையல் சாமான்களைக் காரில் கொண்டுவரலாமா?

தோர்தோஞ் வாசி:
நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை எண்ணிப் பாருங்கள், 92 நாள் வரும். அனுமதி எந்த 180 நாளிலும் 90 தான், வரும் நாளும் போகும் நாளும் சேர்த்தே கணக்கு. தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் ஒரே கணக்கு என்பதால், அதற்கு முன் ஸ்பெயினுக்குப் போய் வந்திருந்தால் அதுவும் சேரும். ஆகவே நவம்பர் நடுவில் வாருங்கள், எல்லையில் இப்போது விரல்ரேகையோடு கணினியே எண்ணுகிறது. கோடை விடுமுறை வீடுகளைக் குளிர்காலத்தில் மாத வாடகைக்குக் குறைத்துத் தருவார்கள். வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சாமான்: அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் தாராளமாகக் கொண்டுவாருங்கள். இறைச்சி, பால், சீஸ், அவை வைத்த சாண்ட்விச் எதுவும் பிரிட்டனிலிருந்து கொண்டுவரக் கூடாது. பழம், காய், கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் விலக்கு. கறிவேப்பிலையைப் பாரிஸின் லா ஷப்பெல் தமிழ்க் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

வந்த வாரமே ஊர் மருத்துவ நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜனவரியில் பெரும்பாலான ஊர்களில் மேயரின் புத்தாண்டு வரவேற்பு நடக்கும், அழைப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். இருவரும் போங்கள், எந்த வீடு விற்பனைக்கு வரப்போகிறது என்பது தரகருக்குத் தெரியும் முன் அங்கே தெரிந்துவிடும்.